அம்மாவுக்கு மெத்தை வாங்கும்போது பாக்ஸ் ஸ்பிரிங் கட்டாயமா? எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும்?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன், பின்னால் வந்து படிப்பவர்களுக்கும் உதவும். டாலஸ் பக்கம் இருக்கிறீர்கள். உங்கள் பிரசவத்துக்காக அம்மா ஊரிலிருந்து வருகிறார், ஆறு மாதம் உடனிருப்பார். வயது அறுபதைத் தாண்டிவிட்டது, கொஞ்ச காலமாக இடுப்பு வலி இருக்கிறது. ஊரில் இலவம் பஞ்சு மெத்தையில் படுத்துப் பழகியவர். கடைக்குப் போனால், மெத்தையோடு, அதற்கு அடியில் வைக்கும் பெட்டியான பாக்ஸ் ஸ்பிரிங்கும் சேர்த்து வாங்க வேண்டும், இல்லாவிட்டால் வாரன்டி செல்லாது என்கிறார் விற்பனையாளர். நண்பர் ஒருவர் தன் வீட்டில் கிடக்கும் பழைய பாக்ஸ் ஸ்பிரிங்கைச் சும்மாவே தருகிறேன் என்கிறார். உறவினர்களோ, இடுப்பு வலிக்குக் கல் மாதிரி கெட்டியான மெத்தைதான் நல்லது என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

இதில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. மெத்தைக்கு அடியில் என்ன இருக்க வேண்டும் என்பது ஒன்று. அதற்குத் தயங்காமல் பதில் சொல்லிவிடலாம். அம்மாவின் இடுப்புக்கு எது ஒத்துவரும் என்பது இன்னொன்று. அதில் பாதிதான் உறுதியாகச் சொல்ல முடியும், மீதி அம்மா படுத்துப் பார்த்துச் சொல்ல வேண்டியது. இவை இரண்டையும் விட எனக்கு முக்கியமாகப் படுவது நீங்கள் கேட்காத மூன்றாவது விஷயம்: படுக்கை தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கப்போகிறது என்பது. நான் மெத்தைத் தயாரிப்பில் தரச் சோதனை வேலை பார்ப்பவன். முதலில் கோவைப் பக்கம் தேங்காய் நார் மெத்தையும் ஃபோமும், இப்போது அமெரிக்காவில் ஸ்பிரிங் மெத்தையும். மருத்துவன் இல்லை. அம்மாவின் இடுப்பில் என்ன கோளாறு என்பதை நான் ஊகிக்கப் போவதில்லை.

முதலில் பாக்ஸ் ஸ்பிரிங். ஊரில் வளர்ந்த நமக்கு இது பழக்கமில்லாத பொருள். நம் கட்டிலில் பலகையோ பிளைவுட்டோ இருக்கும், அதன் மேல் மெத்தை, அவ்வளவுதான். அமெரிக்காவில் ஒரு காலத்தில் மெத்தை என்பது பருத்தியோ குதிரை மயிரோ அடைத்த மெல்லிய பொருளாக இருந்தது. அமுங்கிக் கொடுக்க அதற்குள் எதுவும் இல்லாததால், மரச் சட்டத்துக்குள் சுருள் கம்பிகளை நிறுத்தித் துணி போர்த்திய ஒரு பெட்டியை அடியில் வைத்தார்கள். பிற்பாடு ஸ்பிரிங் மெத்தைக்குள்ளேயே வந்துவிட்டது. ஆனாலும் அடிப் பெட்டி போகவில்லை. இன்றைக்கு அந்தப் பெயரில் விற்கப்படும் பலவற்றுக்குள் சுருள் கம்பியே கிடையாது. மரச் சட்டமோ விறைப்பான கம்பிச் சட்டமோ வைத்து, மேலே துணி போர்த்தியிருப்பார்கள், அதன் வேலை மெத்தையைத் தூக்கிப் பிடிப்பது மட்டும்தான். கடையில் அதன் நடுவில் முழங்காலை ஊன்றி அழுத்திப் பாருங்கள். அமுங்கி எழுந்தால் உள்ளே ஸ்பிரிங் இருக்கிறது. அசையாமல் நின்றால் நீங்கள் காசு கொடுப்பது துணி போர்த்திய சட்டத்துக்கு.

மெத்தைக்கு வேண்டியது சமமான, வளையாத, கொஞ்சம் காற்றுப் போகிற ஒரு தளம். அது எந்த வடிவில் கிடைத்தாலும் சரி. குறுக்குச் சட்டங்கள் நெருக்கமாக வைத்த கட்டில் சட்டம் போதும். சட்டங்களுக்கு இடையே மூன்று அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. அதற்கு மேல் போனால் ஃபோம் அந்தச் சந்துகளில் இறங்கத் தொடங்கும். குயின், கிங் அளவு என்றால் நடுவில் ஒரு தாங்கு கட்டையும் அதிலிருந்து தரையைத் தொடும் காலும் கட்டாயம் வேண்டும். பெரும்பாலான வாரன்டிகள் இதைத்தான் கேட்கின்றன. மெத்தை நடுவில் குழி விழுந்துவிட்டது என்று வரும் புகார்களைப் பிரித்துப் பார்த்தால், மெத்தையில் ஒரு குறையும் இல்லாமல் அடியில் சட்டம் வளைந்திருப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் பாக்ஸ் ஸ்பிரிங் யாருக்குத்தான் வேண்டும்? நான்கு பக்கமும் இரும்புப் பட்டை மட்டும் இருந்து, நடுவே திறந்து கிடக்கிற பழைய வகைச் சட்டம் உங்களிடம் இருந்தால் வேண்டும், மெத்தையை நேராக அதன் மேல் போட முடியாது. தலைமாட்டுப் பலகையும் பக்கச் சட்டமும் இருந்து, குறுக்கே இரண்டு மூன்று கட்டை மட்டும் போட்ட பழங்காலக் கட்டிலுக்கும் வேண்டும். மற்றபடி, நெருக்கமான குறுக்குச் சட்டமோ பலகையோ உள்ள பிளாட்ஃபார்ம் கட்டில் வாங்குகிறவருக்குத் தேவையே இல்லை. ஃபோம் மெத்தைக்கும், லேடெக்ஸ் என்கிற ரப்பர் நுரை மெத்தைக்கும், அமுங்கிக் கொடுக்கிற பழைய வகை ஸ்பிரிங் பெட்டி கெடுதல்கூடச் செய்யும். அடித்தளம் அமுங்க அமுங்க மெத்தையும் அதோடு வளைந்து சீக்கிரம் குழி விழும்.

வாரன்டி பற்றி விற்பனையாளர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. சரியான தாங்கு தளம் இல்லாவிட்டால் வாரன்டி கிடையாது என்று சொல்லத் தயாரிப்பாளருக்கு உரிமை உண்டு. ஆனால், காசு கொடுத்து எங்கள் கம்பெனிப் பெட்டியையே வாங்கினால்தான் வாரன்டி என்று கட்டாயப்படுத்துவதை 1975இல் வந்த மேக்னசன் மாஸ் வாரன்டிச் சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை. வாரன்டித் தாளைக் கடையிலேயே கேட்டு வாங்கிப் படியுங்கள். எந்த மாதிரித் தளம் வேண்டும், எத்தனை கால் வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். கட்டில் சட்டம் வாங்கிய பில்லையும், நடுக்கால் தெரிகிற மாதிரி ஒரு படத்தையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் புகார் கொடுக்க நேர்ந்தால் முதலில் கேட்பது அதைத்தான்.

இனி உயரம். அமெரிக்கக் கடைகளில் அடுக்கி வைத்திருப்பதைக் கூட்டிப் பாருங்கள். இரும்புச் சட்டம் ஏழு அங்குலம், பாக்ஸ் ஸ்பிரிங் ஒன்பது அங்குலம், மெத்தை பன்னிரண்டு அங்குலம். மொத்தம் 28 அங்குலம். ஐந்தடி உயரமுள்ள ஓர் அம்மாவுக்கு இது இடுப்புக்குக் கிட்டே வரும். ஏறுவதற்குக் குதிக்க வேண்டும், இறங்கும்போது கால் தரையைத் தேடித் தொங்கும். ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்து போகிற வயதில், பழகாத வீட்டில், இருட்டில் இதைவிட ஆபத்து வேறு வேண்டாம். இடுப்பு வலிக்காரருக்கு மெத்தை ஒரு பங்கு தொல்லை கொடுத்தால், இப்படி ஏறி இறங்குவது இன்னொரு பங்கு கொடுக்கும்.

இதற்காகத் தரையோடு தரையாகவும் போட்டுவிடாதீர்கள். ஊரில் பாயில் படுத்து எழுந்தவர்தானே என்று தோன்றும். முழங்கால் தேய்ந்த வயதில் தாழ்வான இடத்திலிருந்து எழுந்திருப்பது உயரத்திலிருந்து இறங்குவதைப் போலவே கஷ்டம். நான் சொல்லும் கணக்கு எளிது. ஊரில் அம்மாவை நாற்காலியில் உட்காரச் சொல்லி, பாதம் தரையில் படிந்திருக்கும்போது தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரைக்கும் யாரையாவது டேப் வைத்து அளக்கச் சொல்லுங்கள். அதோடு இரண்டு மூன்று அங்குலம் கூட்டிக்கொள்ளுங்கள், ஓரத்தில் உட்காரும்போது மெத்தை அந்த அளவுக்கு அமுங்கும். பதினாறு அங்குலம் வந்தால் படுக்கையின் மொத்த உயரம் 18, 19 அங்குலம் இருக்கலாம். பத்து அங்குல மெத்தை வாங்கினால் சட்டம் எட்டு ஒன்பது அங்குலம் போதும். இணையத்தில் அதிகம் விற்கும் இரும்புப் பிளாட்ஃபார்ம் சட்டம் பதினான்கு அங்குலம். அதை வாங்கிப் பன்னிரண்டு அங்குல மெத்தையைப் போட்டுவிட்டு அப்புறம் ஸ்டூல் தேட வேண்டாம்.

இப்போது கெட்டி விஷயம். இடுப்பு வலிக்குக் கெட்டியான படுக்கை என்பது மருத்துவர்களே பல காலம் சொல்லிவந்த யோசனை, உறவினர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஸ்பெயினில் நடந்த ஒரு நல்ல ஆய்வு 2003இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. நீண்ட நாள் இடுப்பு வலி உள்ள 313 பேரை எடுத்துக்கொண்டு, சிலருக்குக் கெட்டி மெத்தையும் சிலருக்கு நடுத்தரக் கெட்டி மெத்தையும் கொடுத்தார்கள். யாருக்கு எது என்பதைப் படுத்தவர்களிடமும் சொல்லவில்லை, வலியைக் கேட்டுப் பதிந்தவர்களிடமும் சொல்லவில்லை. 90 நாள் கழித்துப் பார்த்தபோது நடுத்தர மெத்தையில் படுத்தவர்களுக்கே படுக்கையில் இருக்கும்போதும், காலையில் எழும்போதும் வலி அதிகம் குறைந்திருந்தது. மெத்தை பற்றிய ஆய்வுகளில் இவ்வளவு கவனமாகச் செய்தவை குறைவு, அதனால்தான் இதை நம்பிச் சொல்கிறேன்.

இதற்கும் எல்லை உண்டு. அது சராசரிக் கணக்கு. குறிப்பிட்ட நோய்க் காரணம் இல்லாத சாதாரண இடுப்பு வலிக்காரர்களை வைத்துச் செய்தது. டிஸ்க் விலகியவருக்கோ எலும்புத் தேய்மானம் முற்றியவருக்கோ இதே முடிவு பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். அதோடு, அவர்கள் ஐரோப்பிய அளவுகோல் ஒன்றில் அளந்து கெட்டியை வரையறுத்தார்கள். அமெரிக்கக் கடையில் மீடியம் ஃபர்ம் என்று ஒட்டியிருப்பதற்கு அப்படிப் பொதுவான அளவு எதுவும் இல்லை. ஒரு கம்பெனியின் மீடியம் இன்னொரு கம்பெனியின் ஃபர்மைவிடக் கெட்டியாக இருக்கும். படுப்பவரின் எடையும் சேர்ந்துதான் கெட்டி முடிவாகிறது. தொண்ணூறு கிலோ ஆள் அமுங்கி ஒடுங்கும் மெத்தையில் ஐம்பது கிலோ அம்மா அமுங்கவே மாட்டார். இங்கே கடைகளில் ஃபர்ம் என்று வைத்திருப்பவை பெரும்பாலும் கனமான உடம்புகளை மனதில் வைத்துச் செய்தவை. அம்மா ஒல்லியானவர் என்றால், ஒருக்களித்துப் படுக்கும்போது தோளும் இடுப்பெலும்பும் பலகையில் படுகிற மாதிரி இருக்கும்.

இலவம் பஞ்சு மெத்தை எப்படிப்பட்டது என்று யோசித்தால் ஒரு துப்புக் கிடைக்கும். போடிநாயக்கனூர்ப் பக்கத்திலிருந்து வரும் அந்தப் பஞ்சின் இழை உள்ளே குழலாக, காற்றடைத்து இருக்கும். அதனால் எடையில்லாமல் புசுபுசுவென்று இருக்கும், சூட்டைத் தேக்காது. புதிதில் உயரமாக நிற்கும், வருடங்கள் போகப் போகப் படிந்துவிடும். பல வருடம் படுத்த இலவம் பஞ்சு மெத்தை, மேலே ஒரு விரல் அளவு கொடுத்து, அதற்குக் கீழே நின்றுவிடும். அம்மாவின் உடம்பு பழகியிருப்பது அந்த உணர்வுக்கு. அதற்குப் பக்கத்தில் வருவது, உடலை இழுத்துக்கொள்ளாத, தாங்கி நிற்கிற, மேலே கொஞ்சம் மட்டும் மெத்தென்ற மெத்தை.

ஆகவே மெமரி ஃபோம் பக்கம் போக வேண்டாம் என்பேன். 1960களில் நாசாவுக்காக உருவாக்கிய பொருள் என்று விளம்பரம் செய்வார்கள், அது உண்மைதான். அந்த ஃபோம் உடல் சூட்டில் இளகி மெதுவாக வடிவம் எடுக்கும், மெதுவாகத்தான் திரும்ப எழும்பும். முதுமையில் புரண்டு படுக்கவே சிரமப்படுகிறவருக்கு, ஒவ்வொரு முறையும் ஒரு பள்ளத்திலிருந்து எழுந்து திரும்புவது போலிருக்கும். சூடும் தங்கும். ஏசியை மிகவும் குளிராக வைத்தால் படுத்தவுடன் விறைப்பாக இருக்கும். இளம் வயதில் சிலருக்கு மிகவும் பிடிக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. உங்கள் அம்மாவுக்கு வேண்டாம்.

பாக்கெட் ஸ்பிரிங் மெத்தையில் ஒவ்வொரு சுருளும் தனித்தனித் துணிப் பையில் இருக்கும். 1900ஐ ஒட்டிக் கனடாவில் ஜேம்ஸ் மார்ஷல் என்பவர் கண்டுபிடித்த முறை அது. ஒரு சுருள் அமுங்கினால் பக்கத்துச் சுருளை அதிகம் இழுக்காது. புரள்வது சுலபம், உள்ளே காற்றும் போகும். அதன் மேல் இரண்டு அங்குலம் ஃபோமோ லேடெக்ஸோ வைத்த, பத்து அங்குல, நடுத்தரக் கெட்டி மெத்தைதான் என் முதல் தேர்வு. ஓரத்தில் தடிமனான கம்பிச் சுருள்கள் வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். அம்மா ஓரத்தில் உட்கார்ந்துதான் எழுவார், செருப்பு மாட்டுவார், குழந்தையைக் கையில் வாங்குவார். ஓரம் சரிந்தால் எல்லாமே கஷ்டம். கடையில் நீங்களே ஓரத்தில் உட்கார்ந்து பாருங்கள், வழுக்கிக் கீழே இறக்கினால் வேறு பாருங்கள். முழு லேடெக்ஸ் மெத்தையும் நன்றாக இருக்கும், விலை அதிகம், ஆறு மாதத்துக்கு அவ்வளவு வேண்டியதில்லை. எது கெட்டி என்று தீர்மானிக்க முடியாமல் குழம்பினால், கொஞ்சம் கெட்டியானதையே எடுங்கள். அம்மாவுக்கு உறுத்தினால் மேலே இரண்டு அங்குல லேடெக்ஸ் விரிப்பு ஒன்று போட்டு மென்மையாக்கிவிடலாம். மெத்தென்ற மெத்தையைக் கெட்டியாக்க வழியே இல்லை.

விளம்பரங்களில் வருகிற மற்றவற்றில் எதை நம்பலாம்? சுருள்களின் எண்ணிக்கையைப் பெரிதாகச் சொல்வார்கள். ஓர் அளவுக்கு மேல் எண்ணிக்கை கூடுவதால் படுப்பவருக்கு வித்தியாசம் தெரிவதில்லை, கம்பியின் தடிமனும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கம்பியின் கேஜ் எண் குறையக் குறைய கம்பி தடிமன். குளிர்ச்சி தரும் ஜெல் முதலில் தொட்டால் சில்லென்று இருக்கும், கொஞ்ச நேரத்தில் உடல் சூட்டுக்கு வந்துவிடும், ராத்திரி முழுக்க அப்படியே இருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். செம்பு கலந்த ஃபோம் வலியைப் போக்கும் என்பதற்கு ஆதாரம் எதையும் நான் கண்டதில்லை. ஆர்த்தோபீடிக் என்ற சொல்லை யார் வேண்டுமானாலும் மெத்தை மேல் அச்சடிக்கலாம். எட்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பதும் விற்கிறவர்கள் பரப்பிய கணக்கு. குழி விழாமல், காலையில் வலியில்லாமல் எழுந்தால் தொடர்ந்து படுக்கலாம். எங்கள் சோதனைக் கூடத்தில் ஏறக்குறைய 109 கிலோ எடையுள்ள ஆறு பட்டை உருளையை மெத்தை மேல் ஒரு லட்சம் முறை உருட்டுகிறோம். எவ்வளவு குழி விழுகிறது என்பதை அது சொல்லும். யாருடைய இடுப்புக்கு எது இதம் என்பதை எந்த இயந்திரமும் சொல்வதில்லை.

பெட்டியில் சுருட்டி வரும் முழு ஃபோம் மெத்தையை வாங்குவதாக இருந்தால் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஃபோமின் ஆயுளைச் சொல்வது அடர்த்தி. கெட்டி வேறு, அடர்த்தி வேறு. லேசான ஃபோமைக்கூடக் கெட்டியாகச் செய்துவிடலாம், ஆனால் அது சீக்கிரம் தொய்ந்துவிடும். குயின் அளவு 60க்கு 80 அங்குலம். பத்து அங்குல உயரம் என்றால் ஏறக்குறைய 28 கன அடி. அடித்தள ஃபோம் கன அடிக்கு 1.8 பவுண்டாவது இருந்தால்தான் நல்லது, அதன்படி மெத்தை 50 பவுண்டு வர வேண்டும். ட்வின் அளவில், அதாவது 38க்கு 75 அங்குலத்தில், 30 பவுண்டு. பெட்டியின் மேல் இருக்கும் எடை இதைவிட மிகவும் குறைவாக இருந்தால் உள்ளே இருப்பது லேசான சரக்கு.

அளவைப் பொறுத்தவரை, அம்மா தனியாகப் படுப்பார் என்றால் ட்வின் போதும், நம் ஊர் ஒற்றைக் கட்டிலைவிடக் கொஞ்சம் அகலம். அதே அறை பின்னால் விருந்தினர் அறையாக இருக்கப்போகிறது என்றால் குயின் வாங்குங்கள்.

இன்னொன்று. விலை குறைந்த சில மெத்தைகளில் தீப் பிடிக்காமலிருக்க உள்ளுறையில் கண்ணாடி இழை வைத்திருப்பார்கள். 2007 முதல் அமெரிக்காவில் விற்கும் மெத்தைகள் எல்லாம் நெருப்புச் சோதனையில் தேற வேண்டும், அதற்கு மலிவான வழி அது. மேலுறையில் ஜிப் இருக்கிறதே, துவைக்கலாம் என்று கழற்றினால் அந்த இழை உடைந்து வீடு முழுக்கப் பரவும். தோலில் அரிப்பு, மூச்சில் எரிச்சல். சுத்தம் செய்வது பெரும்பாடு. கலிஃபோர்னியா 2027 தொடக்கத்திலிருந்து இதைத் தடை செய்திருக்கிறது. கைக்குழந்தை வரப்போகிற வீடு உங்களுடையது. மெத்தையில் தைத்திருக்கும் வெள்ளைச் சீட்டில் உள்ளே என்னென்ன எத்தனை சதவீதம் என்று எழுதியிருக்கும். கிளாஸ் ஃபைபர் என்று இருந்தால் விட்டுவிடுங்கள். கழற்றித் துவைக்கலாம் என்று எழுதியிராத எந்த உறையின் ஜிப்பையும் திறக்காதீர்கள்.

குழந்தை என்றதும் இதையும் சொல்லியாக வேண்டும். பிறந்த குழந்தையைப் பாட்டி தன் பக்கத்தில் படுக்க வைத்துக்கொள்வது நம் வழக்கம். ஊரில் பாயிலும் படிந்த மெத்தையிலும் நடந்ததை, பத்து அங்குல மெத்தென்ற மெத்தையில் செய்யக் கூடாது. குழந்தையின் முகம் புதைந்தால் அதனால் திருப்பிக்கொள்ள முடியாது. இங்குள்ள குழந்தை மருத்துவர்கள், முதல் வருடத்தில் குழந்தைக்குத் தனியாக, கெட்டியான, சமமான தளம் வேண்டும், தலையணையோ தளர்ந்த போர்வையோ கூடாது, மல்லாந்து படுக்க வைக்க வேண்டும் என்று சொல்கிறார்கள். அம்மாவின் படுக்கைக்குப் பக்கத்திலேயே அப்படிப்பட்ட தளம் உள்ள தொட்டிலைப் போடுங்கள். அம்மாவிடம் முன்கூட்டியே பேசிவிட்டால், ராத்திரி நேரத்தில் மனத்தாங்கல் வராது.

காற்று மெத்தையைப் பற்றியும் கேட்பீர்கள், ஊரிலிருந்து பெற்றோர் வந்தால் பலர் அதைத்தான் ஊதிப் போடுகிறார்கள். நாலு நாளைக்குச் சரி. ஆறு மாதத்துக்குக் கூடாது. ராத்திரியில் காற்று இறங்கி நடுவில் தொய்யும், ஓரம் என்று ஒன்றே கிடையாது, அடியில் குளிர்ச்சி ஏறும்.

நண்பரின் பாக்ஸ் ஸ்பிரிங். வாங்காதீர்கள் என்பேன், அவர் மேல் குறையில்லை. மூட்டைப்பூச்சி மெத்தையைவிட அதற்கு அடியில் இருக்கும் பெட்டியில்தான் சுகமாகக் குடியிருக்கும். உள்ளே காலியான இருட்டு, மரச் சந்துகள், அடியில் ஸ்டேப்பிள் அடித்த மெல்லிய துணி. தெருவோரத்தில் கிடப்பதைத் தொடவே வேண்டாம். நண்பரிடம் மறுக்க முடியவில்லை என்றால், அடித்துணியைக் கொஞ்சம் பிரித்து டார்ச் அடித்துப் பாருங்கள். தையல் ஓரங்களிலும் மரத்திலும் மிளகைப் பொடித்துத் தூவியது போல் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சுத்தமாக இருந்தாலும் மூட்டைப்பூச்சி புகாத ஜிப் உறை ஒன்றைப் பெட்டி முழுக்கப் போட்ட பிறகே உள்ளே கொண்டுவாருங்கள். மரம் விரிசல் விட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தாலும் அந்த ஒன்பது அங்குலம் உங்களுக்கு வேண்டாத உயரம்.

வாங்கும் நேரத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. பல கம்பெனிகள் நூறு இரவு படுத்துப் பார்த்துத் திருப்பிக் கொடுக்கலாம் என்கின்றன. ஆனால் நிறைய இடங்களில் குறைந்தது முப்பது இரவு படுத்த பிறகுதான் திருப்பி எடுப்பார்கள், நாள் எண்ணுவது மெத்தை வீட்டுக்கு வந்ததிலிருந்து. தள்ளுபடி வந்ததே என்று இரண்டு மூன்று மாதம் முன்னால் வாங்கி வைத்தால், அம்மா வந்து படுக்கும்போது தவணையில் பெரும்பகுதி முடிந்திருக்கும். அம்மா வருவதற்கு ஓரிரு வாரம் முன்னால் வந்து சேரும்படி வாங்குங்கள், புது ஃபோமின் வாடை போக அது போதும். திருப்பி எடுக்கக் கட்டணம் உண்டா என்று கேளுங்கள். தள்ளுபடிக்காகப் பதற வேண்டாம், பிரசிடென்ட்ஸ் டே, மெமோரியல் டே, லேபர் டே என்று அது வந்துகொண்டே இருக்கும். ஒரே மெத்தையைக் கடைக்குக் கடை வேறு பெயரில் விற்பதால் விலையை ஒப்பிடுவதும் கடினம். பெயரை விட்டுவிட்டு உள்ளே என்ன அடுக்கு, எத்தனை அங்குலம் என்பதை ஒப்பிடுங்கள்.

வந்த முதல் நாளே நீர் புகாத மெல்லிய உறை ஒன்றைப் போட்டுவிடுங்கள். கறை பட்டால் வாரன்டியை மறுப்பார்கள். அம்மா தலைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்ப்பவர் என்றால் தலையணைக்கும் தடித்த உறை வேண்டும். எண்ணெய் இயற்கை ரப்பரைக் கெடுக்கும், லேடெக்ஸ் விரிப்பு போட்டால் இது ரொம்பவே முக்கியம். ஊரில் இலவம் பஞ்சு மெத்தையை மொட்டை மாடியில் வெயிலில் போட்டால் பஞ்சு உப்பி எழும், நல்ல வழக்கம். இங்கே ஃபோமையும் லேடெக்ஸையும் அப்படி வெயிலில் போடக் கூடாது, மஞ்சளித்து உதிரத் தொடங்கும். நிழலில் காற்றாட விட்டால் போதும். இப்போதைய மெத்தைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு பக்கம்தான் படுக்கும் பக்கம், அதனால் கவிழ்த்துப் போடாமல், சில மாதத்துக்கு ஒருமுறை தலைமாடு கால்மாடாகத் திருப்பிப் போடுங்கள். ஒருக்களித்துப் படுக்கும்போது முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை வைத்தால் இடுப்புக்கு இதமாக இருக்கும் என்று பலர் சொல்கிறார்கள், செலவில்லாத காரியம், செய்து பார்க்கலாம்.

புறப்படும் முன்பே அம்மாவை ஊரில் ஓர் எலும்பு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். இங்கே வந்த பிறகு காட்டுவது எவ்வளவு செலவு என்று உங்களுக்கே தெரியும். கால் மரத்துப்போவது, காலில் பலம் குறைவது, சிறுநீர் கட்டுப்படாமல் போவது, படுத்தாலும் குறையாத ராத்திரி வலி, இவற்றில் எது இருந்தாலும் மெத்தை மாற்றித் தீராது, உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

அம்மாவின் உயரமும் எடையும், அந்த முழங்கால் அளவும், அறையில் ஏற்கெனவே கட்டில் சட்டம் எதுவும் இருந்தால் அதன் உயரமும் எழுதுங்கள். எத்தனை அங்குல மெத்தை, எந்த உயரச் சட்டம் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.